மூன்றாவது அம்பாரம்

என் மகளுக்குக் காது குத்த ஒரு மடி வேண்டியிருந்தது. தாய்மாமன் மடி. அதைத் தேடி எங்கேயும் போக வேண்டியதில்லை. என் அண்ணனும் அம்மாவும் இருக்கும் வீடு எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான். ஆனால் அவனும் என் வீட்டுக்காரரும் பேச்சை நிறுத்திச் சில மாதம் ஆகியிருந்தது. குழந்தைக்கு ஒரு வயது முடியப்போகிறது. "இன்னும் காது குத்தலையா?" என்று கேட்காதவர்கள் எங்கள் தெருவில் நாயும் கோழியும்தான். ஒரு மீனுக்காக இரண்டு ஆம்பிளைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள் என்று யாரிடம் போய்ச் சொல்வது? எனக்கு வெட்கமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

இரண்டு பேரும் மரக்காணம் உப்பளத்தில் ஒரே முதலாளியிடம் வேலை பார்த்தவர்கள். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே சேக்காளிகள். உண்மையைச் சொன்னால் என்னை அண்ணன் அவருக்குக் கட்டி வைத்ததே கூட்டாளி கையை விட்டுப் போய்விடக் கூடாது என்றுதான். உப்பளத்துக்காரர்களுக்கு மழை வந்தால் லீவு, கூலி இல்லாத லீவு. வெயிலில் பாத்தி கட்டி உப்பு வாரிய கைகள் மழைக்காலத்தில் சும்மா இருக்காது. அளத்தை ஒட்டியிருக்கும் உப்பங்கழியில் வலையும் தூண்டிலுமாக இறங்கிவிடுவார்கள். கடலுக்குப் போகிறவர்கள் வேறு ஆட்கள், இவர்கள் இடுப்பளவுத் தண்ணீரைத் தாண்ட மாட்டார்கள்.

இரண்டாயிரத்து நான்காம் வருஷத்து மழையில் நான் வயிற்றுப் பிள்ளைக்காரி. கொடுவா மீன் வேண்டும் என்று நாக்கு கேட்டது. வாங்கித் தின்கிற நிலையில் நாங்கள் இல்லை. இவரும் அண்ணனும் தெர்மாகோல் பலகைகளை உரச்சாக்கில் போட்டுத் தைத்து ஒரு தெப்பம் செய்து வைத்திருந்தார்கள். அதில் இரண்டு பேரும் முதுகோடு முதுகு ஒட்டித்தான் உட்கார வேண்டும். ஒருவர் திரும்பினால் மற்றவர் தண்ணீரில். அப்படிப் போன ஒரு நாள் துடுப்புக்கழி தரையைத் தொடாமல் இறங்கிக்கொண்டே போயிருக்கிறது. கழிக்கு நடுவில் ஒரு மடு. அன்றைக்கு வந்த கொடுவா என் முழங்கை நீளம். அந்த மழை முடிகிற வரை வாரத்துக்கு ஒரு தடவையாவது எங்கள் சட்டியில் கொடுவா இருந்தது.

கழியில் வெள்ளம் வந்துவிட்டால் எல்லாம் ஒரே தண்ணீர்தான், மடு எங்கே என்று யாருக்கும் தெரியாது. அதனால் கரையில் இருப்பதை வைத்து அடையாளம் பிடிப்பார்கள். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, இரண்டும் நேர்கோட்டில் நிற்க வேண்டும். அப்படி இரண்டு கோடு இருந்தால் அவை வெட்டிக்கொள்கிற இடம் மடு. முதுகோடு முதுகாக உட்கார்ந்ததால் ஆளுக்கு ஒரு கோடு. என் வீட்டுக்காரர் பார்த்தது ஒற்றைப் பனைமரமும் அதற்குப் பின்னால் குடிநீர்த் தொட்டியும். அண்ணன் பார்த்தது வாரிய உப்பைக் குவித்து வைத்த அம்பாரமும், அதன் உச்சியில் நிற்கிற மாதிரி பின்னால் தெரியும் செல்போன் டவரும். அவரவர் பாதியை அவரவர் வைத்துக்கொண்டார்கள். ஒருவர் இல்லாமல் இன்னொருவர் போக முடியாது. அது அவர்களுக்குப் பெருமையாக இருந்தது.

அந்த டிசம்பரில் அலை வந்தது. எங்கள் வீட்டில் யாருக்கும் எதுவும் ஆகவில்லை, அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அளத்தில் மதகுப் பக்கம் இருந்த காவல் கொட்டகை போய்விட்டது. லாரி வருகிற மண் ரோடும் அங்கே அறுத்துக்கொண்டு போனது. பாத்திகளைத் திரும்பக் கட்டினார்கள், வெயில் அடித்தது, உப்பு விளைந்தது. எனக்குப் பெண் குழந்தை பிறந்தாள்.

அடுத்த மழைக்கு அண்ணன் ஊரில் இல்லை. கோட்டக்குப்பத்தில் வெளிநாட்டுப் பணத்தில் வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன, பூச்சு வேலைக்கு ஆள் தேவை. கிளம்பும்போது பஸ் ஸ்டாண்டில் வைத்து என் வீட்டுக்காரரிடம் தன் பாதியைச் சொல்லிவிட்டுப் போனான். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"மதகுலேர்ந்து மூணாவது அம்பாரம், மாப்ள. அது உச்சியில டவரு குந்திக்கினு இருக்கும். உன் பனமரத்த நீ பாத்துக்கோ. எனக்காவ காத்துக்கினு இருக்காத, போய் புடி."

இவர் பக்கத்து அளத்து ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனார். பனையும் தொட்டியும் நேராக நின்றன, மூன்றாவது அம்பாரத்தின் உச்சியில் டவரும் நின்றது. வலையை விரித்த இவர் முழங்காலளவுச் சேற்றில் போய் மாட்டிக்கொண்டார். சேற்றுக்குள் சிப்பி ஓடு. வலை கிழிந்து, உள்ளங்காலும் கிழிந்தது. கூட வந்தவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. மறுநாள் டீக்கடையில் இவரைப் பார்த்தவர்கள், "கொடுவா எப்படி, சேத்துல வெளஞ்சுதா?" என்று கேட்டார்கள்.

அந்த வாரமே அண்ணன் லீவில் வந்தான். வந்தவன் கோட்டக்குப்பம் மார்க்கெட்டிலிருந்து ஒரு கொடுவா வாங்கிக்கொண்டு வந்தான். பாதியை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் பாதியைப் பையில் போட்டு எங்கள் கதவுத் தாழ்ப்பாளில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறான். நாங்கள் ஆஸ்பத்திரிக்குக் கட்டு மாற்றப் போயிருந்தோம். எங்கள் அம்மா வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. மீனின் தலைப்பக்கம் மாப்பிள்ளைக்கு. அதன்படி தலைப்பக்கம்தான் பையில் இருந்தது.

இவர் காலில் கட்டோடு நின்று அந்தப் பையைப் பிரித்துப் பார்த்தார்.

"இது எங்க புடிச்சது?"

"அண்ணன் வாங்கியாந்திருக்கும்," என்றேன்.

"வாங்குவான் வாங்குவான். எனக்கு சேத்த காட்டிட்டு அவன் மடுவுக்குப் போயிட்டு வந்திருக்கான். நம்ம பங்க நமக்கே போட்டிருக்கான் பாரு."

நான் எவ்வளவோ சொன்னேன். கோபம் வந்தால் இவருக்குக் காது கேட்காது. நொண்டிக்கொண்டே போய் அந்தப் பையை அம்மா வீட்டுக் கதவில் மாட்டிவிட்டு வந்துவிட்டார். அண்ணன் அதற்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் தெருப் பக்கம் வரவும் இல்லை. அம்மா மட்டும் குழந்தையைப் பார்க்க வருவாள். வந்தால் அரிசி விலை, பஸ் கூட்டம் என்று பேசிவிட்டு எழுந்து போய்விடுவாள்.

அப்போது நான் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை செய்தேன். ஜெராக்ஸ், டைப்பிங், பரீட்சை ரிசல்ட், வெளிநாட்டுக்கு அனுப்பும் பயோடேட்டா, எல்லாம் நான்தான். கோட்டக்குப்பத்துக்காரர் ஒருவர் துபாயில் தன் தம்பி தங்கியிருக்கும் கட்டடத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். அவருக்காகக் கடைக்காரர் கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராம் ஏற்றி வைத்தார். பூமி உருண்டையாக நிற்கும். கிட்டக் கிட்டப் போனால் மேலே இருந்து எடுத்த படம் கட்டம் கட்டமாக வந்து தெளியும். துபாயைப் பார்த்த கையோடு நான் எங்கள் ஊரையும் பார்த்தேன். ஒரு நாள் சோறு போடும்போது, "நம்ம அளம் கூட அதுல தெரியுது" என்று சொல்லித் தொலைத்தேன்.

மறுநாள் மத்தியானம் கடை காலியாக இருக்கும் நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கழி தெரியுமா?"

"தெரியும்."

"ஆழம் தெரியுமா?"

எனக்குப் புரிந்துவிட்டது. அண்ணனின் பாதி இல்லாமலேயே மடுவைக் கண்டுபிடிக்கப் பார்க்கிறார். என் மகளின் காதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை என்று நினைத்துக்கொண்டு படத்தைத் திறந்தேன்.

புதுச்சேரிப் பக்கம் ஒவ்வொரு மாடியும் தெரிந்தது. எங்கள் பக்கம் வர வர, தெளிவான படம் ஒரு துண்டாக முடிந்து, அதற்கு மேலே எல்லாம் குழம்பைத் துடைத்த துணி மாதிரி இருந்தது. அளமும் கழியும் தெளிவான துண்டில் விழுந்துவிட்டன. எங்கள் வீடு துடைத்த பக்கம் போய்விட்டது. பாத்திகள் கட்டம் போட்ட லுங்கியை விரித்த மாதிரி கிடந்தன. சிலது வெள்ளை, சிலது செம்மண் நிறம், ஒன்றிரண்டு ரோஸ். வருஷக்கணக்காக அதில் நடந்தவர் அதை மேலேயிருந்து முதல் தடவையாகப் பார்த்தார். ஒரு நிமிஷம் மீனை மறந்துவிட்டு, "நல்லாத்தான் கட்டியிருக்கோம்" என்றார். அந்த நிமிஷம் அவர் மேல் எனக்கு இருந்த கோபம் கொஞ்சம் குறைந்தது.

பிறகு மடு வேட்டை. கறுப்பாகத் தெரிவதெல்லாம் ஆழம் என்பது அவர் கணக்கு. முதல் கறுப்பு அளத்து ஓரமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தார், வெறும் பாசி. இரண்டாவது கறுப்பு நல்ல பெரியதாகக் கழிக்கு நடுவில் இருந்தது. அங்கே போய்த் தூண்டில் போட்டு உட்கார்ந்தார், துடுப்புக்கழியை ஊன்றிப் பார்த்தால் மற்ற இடத்தில் என்ன ஆழமோ அதே ஆழம்தான். மறுநாள் படத்தைத் தள்ளிப் பார்த்தபோது அந்தக் கறுப்புக்குப் பக்கத்திலேயே அதே அளவில், அதே வடிவில் ஒரு வெள்ளை. மேகம். இவர் மேகத்தின் நிழலில் மீன் பிடிக்கப் போயிருக்கிறார். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். கடைக்காரர் பொத்தாமலேயே சிரித்தார். இவர் எழுந்து போய்விட்டார்.

ஆனால் இரண்டு நாள் கழித்துத் திரும்ப வந்தார். முகம் வாடியிருந்தது. அவர் தேடுவது மீனை மட்டும் இல்லை என்று அப்போதுதான் எனக்குப் பட்டது. மடு கிடைத்தால், அண்ணன் பொய் சொன்னான் என்பது நிச்சயமாகிவிடும். நிச்சயமாகாதவரை அவருக்கும் நிம்மதி இல்லை.

"கறுப்பு ஆயிரம் இருக்குது," என்றேன். "உங்க கோடு உங்களுக்குத் தெரியுமில்ல? அத மொதல்ல போடுங்க."

பனைமரம் மேலேயிருந்து ஒரு புள்ளிதான், அதன் நிழல் காட்டிக்கொடுத்தது. தொட்டி வட்டமாகத் தெரிந்தது. கம்ப்யூட்டர் கண்ணாடியில் பேனாவால் கிறுக்கினால் கடைக்காரர் தொலைத்துவிடுவார். அதனால் பூக்கட்டும் நூலை என் பையிலிருந்து எடுத்து, தொட்டியிலிருந்து பனை வழியாகக் கழிக்கு மேலே இழுத்து, செலோடேப்பில் ஒட்டினோம். அந்த நூல் வழியில் நாலைந்து கறுப்புகள் இருந்தன.

"இன்னொரு நூல் உங்க மச்சான் கிட்ட இருக்குது," என்றேன்.

"அது சேத்துல உட்ட நூலு."

"இருக்கட்டுமே. அதையும் போட்டுப் பாருங்க. பொய்யின்னா பொய்யின்னு தெரியட்டும்."

முகத்தைச் சுளித்துக்கொண்டேதான் குனிந்தார். அது வெயில் காலத்துப் படம், அம்பாரங்கள் மழைக்கு மூடும் கூரை போடாமல் பளிச்சென்று வரிசையாக நின்றன. மதகில் விரலை வைத்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார். டவரும் நிழலால்தான் தெரிந்தது. டவரிலிருந்து மூன்றாவது அம்பாரம் வழியாக இரண்டாவது நூலை நான் இழுத்து ஒட்டினேன். இரண்டு நூலும் வெட்டிக்கொண்ட இடத்தில், துவரம் பருப்பு அளவுக்கு ஒரு கறுப்பு இருந்தது.

அவர் அந்தக் கறுப்பை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, "இது தப்பு. நான் போய் மாட்டுனது இங்க இல்ல, வடக்கால. மூணாவது அம்பாரம் மதகுக்கு இவ்ளோ கிட்ட இல்ல," என்றார்.

"நீங்கதான எண்ணுனீங்க?"

திரும்ப எண்ணினார். அதே அம்பாரம்தான் வந்தது. மூக்கு திரையில் படும்படி குனிந்து அந்த அம்பாரத்தின் ஓரத்தைப் பார்த்தார்.

"கொட்டக இருக்குது," என்றார்.

மதகுப் பக்கத்துக் காவல் கொட்டகை. அலை கொண்டுபோன கொட்டகை. படத்தில் கூரையோடு முழுசாக இருந்தது. அப்படியானால் அது அலைக்கு முந்திய வெயிலில் எடுத்த படம். அந்த வருஷம் அம்பாரங்கள் மதகை ஒட்டியே ஆரம்பித்தன. அலைக்குப் பிறகு அங்கே லாரி வர ரோடு இல்லை, அதனால் முதலாளி அம்பாரங்களைத் தள்ளி, வடக்கே ஆரம்பிக்கச் சொன்னார். அங்கே உப்பைச் சுமந்து கொட்டியவர்களில் என் வீட்டுக்காரரும் ஒருவர், அண்ணனும் ஒருவர்.

இதைக் கேட்கிற வெளியூர்க்காரர்கள், இது கூடவா தோன்றவில்லை என்று கேட்கிறார்கள். தோன்றவில்லைதான். உப்பளத்து வீடுகளில் முதல் அம்பாரம், இரண்டாவது அம்பாரம் என்பது தெருப் பெயர் மாதிரி. "மூணாவது அம்பாரத்தாண்ட சோறு கொண்டா" என்று சொன்னால் எந்த வருஷத்து அம்பாரம் என்று யாரும் கேட்பதில்லை. உப்பு லாரியேறிப் போய்விடும், அடுத்த வருஷம் வேறு உப்பு வரும், பெயர் மட்டும் அப்படியே இருக்கும். மூன்று பேருக்கும் அந்தப் பெயர்தான் மனசில் இருந்தது. அண்ணன் பொய் சொல்லவில்லை, இவரும் தப்பாக எண்ணவில்லை.

"கேட்டிருந்தா முடிஞ்சிருக்கும்," என்றேன். அதை விட மோசமாகச் சொல்ல எனக்கு நிறைய இருந்தது, ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன்.

ஒன்று மட்டும் எனக்குப் பயமாக இருந்தது. இப்போது இரண்டு பாதியும் அவர் கையில். அண்ணன் இல்லாமலேயே மடுவுக்குப் போகலாம், வேறு யாரையாவது கூட்டிக்கொண்டு போகலாம். அப்படிப் போய்விட்டால் அதற்குப் பிறகு இந்த இரண்டு வீடும் சேராது. அவர் கண்ணாடியிலிருந்து இரண்டு நூலையும் மெதுவாகப் பிரித்துச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டார்.

"நாளைக்கு கோட்டக்குப்பம் போலாம். புள்ளையத் தூக்கிக்கினு நீயும் வா."

"நான் எதுக்கு?"

"நான் மட்டும் போனா அவன் கீழ எறங்கி வர மாட்டான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜெராக்ஸ் மெஷினைத் துடைக்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

அவர் சொன்னது சரிதான். அண்ணன் ஒரு வீட்டின் மாடியில் சாரத்தில் நின்று பூச்சு வேலை செய்துகொண்டிருந்தான். எங்களைப் பார்த்தும் பூசுகிற கரணையை நிறுத்தவில்லை. குழந்தை சிணுங்கியபிறகுதான் இறங்கி வந்தான். கையெல்லாம் சிமெண்ட், அவளைத் தூக்க முடியாமல் நின்றான். இவர் படத்தின் பிரிண்டை மணல் மேட்டில் விரித்தார். இங்க் தீர்ந்துபோய், பாதி மங்கலாக வந்திருந்தது. அதன் மேல் இரண்டு நூலையும் வைத்துக் காட்டினார்.

"மச்சான், நீ சொன்னது சரி. அம்பாரந்தான் எடம் மாறிடுச்சு. மின்ன கொட்டகை ஓரம் இருந்தது, இப்ப வடக்கால."

அண்ணன் உட்கார்ந்து பார்த்தான். "ஆமா இல்ல," என்றான். "நாந்தான் சொமந்து கொட்டுனேன். எனக்கே தோணல பாரு."

இவர் முகம் மலர்ந்துவிட்டது. வேலை முடிந்தது என்று நினைத்து எழுந்து வேட்டியைத் தட்டினார். அண்ணன் எழுந்திருக்கவில்லை.

"அம்பாரத்துக்கு படம் வச்சிருக்க, சரி. மீனுக்கு இன்னா வச்சிருக்க?"

அண்ணன் சிமெண்ட் கையைத் தெருப் பக்கம் நீட்டினான்.

"அந்தா தெரியுது பாரு மார்க்கெட்டு, அங்கதான் வாங்குனேன். காலு கிழிஞ்சிருக்கேன்னு வாங்கியாந்தேன். நீ கொண்டாந்து அம்மா கதவுல மாட்டிட்டுப் போன. அத்த கையில வச்சிக்கினு அம்மா அன்னிக்கி முச்சூடும் சாப்புடல."

எனக்கு அது அதுவரை தெரியாது. அம்மா சொல்லவே இல்லை. இவர் மணலைப் பார்த்துக்கொண்டு, "அதுக்கு ஒண்ணும் இல்ல மச்சான். நான் பண்ணது தப்பு," என்றார். வேறு எதுவும் சேர்க்கவில்லை, சமாதானம் சொல்லவில்லை.

அண்ணன் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு, புறங்கையால் குழந்தையின் காது மடலைத் தொட்டான். "எப்ப குத்தறீங்க?"

"நீ சொல்ற அன்னிக்கி," என்றேன்.

"பாப்போம்," என்று சொல்லிவிட்டுச் சாரத்தில் ஏறிவிட்டான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இவர், "பாப்போம்னா இன்னா அர்த்தம்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். "பாப்போம்னா பாப்போம்னு அர்த்தம்," என்றேன். எனக்கு மட்டும் என்ன தெரியும்?

மாசியில் அம்மா நாள் குறித்தாள். அண்ணன் வந்தான். தட்டில் பழம், பாவாடை சட்டை, பொட்டுத் தோடு எல்லாம் முறைப்படி கொண்டுவந்து, கோயில் மரத்தடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டான். ஆசாரி ஊசியை எடுத்ததும் அவள் ஊரைக் கூட்டினாள். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். என் மனசு நிறைந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் ஒரு மூலையில் உறுத்தல் இருந்தது. இலை போட்டபோது இவரும் அவனும் தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள். "சாம்பார் வாங்கிக்க மச்சான்," "போதும் மாப்ள," அவ்வளவுதான். மடி கொடுப்பது தாய்மாமன் கடமை, பகையாளியாக இருந்தாலும் சிலர் வந்து செய்துவிட்டுப் போவார்கள். கடமைக்கு வந்தானா, மனசோடு வந்தானா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. இவரும் வீட்டுக்கு வந்ததும் படுத்துவிட்டார்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் தண்ணீர் பிடித்துக்கொண்டு வரும்போது தாழ்ப்பாளில் ஒரு பை தொங்கியது. எனக்கு முன்னால் இவர் அதை எடுத்துப் பிரித்துக்கொண்டிருந்தார். கொடுவா. பாதி மீன்.

நான் குடத்தை இறக்கி வைத்துவிட்டு வேண்டுமென்றே கேட்டேன். "எங்க புடிச்சதாம்?"

"எங்க புடிச்சா இன்னா?" என்றார் திரும்பாமலேயே. "கொழம்பு வையி. உங்க அம்மா வூட்டுக்கும் ஒரு கிண்ணத்துல ஊத்தி வையி, நானே எடுத்துக்கினு போறேன்."

அவர் கையிலிருந்த பையை வாங்கி உள்ளே பார்த்தேன். தலைப்பக்கம்தான் அனுப்பியிருந்தான்.